நீலப் பட்டைக்கான வரிசை

எனக்கு முன்னால் பதினோரு பேர். பதினோரு பேருக்கும் ஒரே சட்டை, முதுகில் பெயிண்ட் வாளியும் பிரஷ்ஷும், அதற்குக் கீழே ‘சாதனையாளர் சங்கமம்’ என்று மஞ்சள் எழுத்து. வருஷத்துக்கு இத்தனை ஆயிரம் லிட்டர் பெயிண்ட் விற்றுக் காட்டுங்கள், கப்பலில் கூட்டிப்போகிறோம் என்று கம்பெனி சொன்னது, கடைக்காரர்கள் விற்றுக் காட்டினார்கள், கம்பெனியும் குடும்பத்தோடு கூட்டிவந்துவிட்டது, கப்பல்தான் இன்னும் சென்னைத் துறைமுகத்தை விட்டு நகரவில்லை. ஆறு மணிக்குக் கிளம்புமாம். இப்போது ஐந்து பத்து. இது ஐந்தாவது மாடி, கப்பலில் மாடி என்று சொல்லக்கூடாது தளம் என்று சொல்ல வேண்டும் என ஒரு வெள்ளைச் சட்டைக்காரர் திருத்தினார், சரி, ஐந்தாவது தளம், கண்ணாடி விளக்கு, வழுக்குகிற தரை, கோடியில் ஒரு மேஜை, மேஜைக்குப் பின்னால் ஒரு அக்கா, அக்காவின் பக்கத்தில் ஒரு பெட்டி நிறைய நீலக் காகிதப் பட்டைகள். பணம் கட்டினால் மணிக்கட்டில் ஒரு பட்டையைச் சுற்றி ஒட்டிவிடுகிறாள். பட்டை இருக்கிற கைக்கு மூன்று நாளும் கப்பலில் எந்த பாரிலும் எவ்வளவு வேண்டுமானாலும் ஊற்றுவார்கள். அதற்குப் பெயர் டிரிங்க்ஸ் பேக்கேஜ். கப்பல் கிளம்பும்வரை ஒரு விலை, கிளம்பிவிட்டால் வேறு விலை, அதனால்தான் இந்த வரிசை. என் கையில் அப்பாவின் கார்டு. “நீ போய் வரிசையில நில்லு பாப்பா. நான் குருவையா மாமாகூட மேல ஒரு எட்டு பாத்துட்டு வந்துர்றேன். அந்தப் பொண்ணுகிட்ட இங்கிலீஷ்ல பேசணும்ல, நமக்கு நீதான” என்று சொல்லிவிட்டு அப்பா லிப்டுக்குள் போனார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை, கார்டைப் பார்த்துச் சொன்னார். எனக்குப் பதினேழு வயது, நான் எதையும் வாங்க முடியாது, இடம் பிடித்து நிற்கலாம், அவருக்காகப் பேசலாம், கையெழுத்து அவர் வந்து போட வேண்டும். நிற்கிறேன். இந்தக் கார்டு அந்த மேஜைமேல் இருக்கிற மெஷினில் தேயப் போவதில்லை. அதை முடிவு செய்து பத்து நிமிஷம் ஆகிறது. எப்படி என்பது மட்டும்தான் இன்னும் தெரியவில்லை.

எப்படி என்று கேட்டால் மற்றவர்களுக்குத் தலைக்குள் யோசனை வரும், எனக்குத் தொண்டைக்குள் குரல் வரும். இந்தக் கப்பலின் ஒலிபெருக்கிப் பெண்ணை ஏறிய கால் மணி நேரத்தில் பிடித்துவிட்டேன், சூடான இட்லியை வாயில் வைத்துக்கொண்டு ‘லேடீஸ் அண்ட் ஜென்டில்மென்’ சொன்னால் அவள்தான். எங்களைக் கூட்டிவந்த ஏரியா மேனேஜர் திவாகரை பஸ்ஸிலேயே பிடித்தாகிவிட்டது. வாக்கியத்தின் இரண்டு பக்கமும் ‘டியர் பார்ட்னர்ஸ்’ போட்டு நடுவில் எதையாவது வைத்தால் திவாகர். விழுப்புரம் தாண்டி டீக்கு நிறுத்தின இடத்தில் டிரைவர் சீட்டின் மைக்கை எடுத்து, “டியர் பார்ட்னர்ஸ், டீ குடித்தது போதும், ஏறுங்கள், டியர் பார்ட்னர்ஸ்” என்றேன், நாற்பது கடைக்காரர்கள் வாயில் பாதி வடையோடு ஓடிவந்து ஏறினார்கள், ஒருவர் கண்ணாடி கிளாசையும் கையோடு கொண்டுவந்துவிட்டார், கடைசியில் மூச்சிரைக்க ஏறியவர் திவாகர். தானே சொன்னோம் என்று நினைத்தாரோ என்னவோ, ஏறி உட்கார்ந்து எல்லோரையும் எண்ணினார். பள்ளிக்கூடத்தில் ஹெட்மிஸ்ட்ரஸ் குரலில் மைக்கில் அரை நாள் லீவு விட்டதற்கு இரண்டு நாள் வெளியே நிறுத்தினார்கள், அந்த மன்னிப்புக் கடிதத்தை அவர் குரலிலேயே வாசித்துக் காட்டினேன், மூன்றாவது நாளும் நிறுத்தினார்கள். எல்லோரும் எப்படிடி பண்ணுகிறாய் என்று கேட்கிறார்கள், தொண்டையைத் தடவிப் பார்க்கிறார்கள், அது தொண்டையில் இல்லை. மூச்சில் இருக்கிறது. ஆள் எந்த இடத்தில் மூச்சை வாங்குகிறார், எந்த இடத்தில் விடுகிறார் என்று பிடித்துவிட்டால் குரல் தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். திவாகர் ‘டியர்’ முடிந்ததும் வாங்குவார். அம்மா பேசுவதற்கு முன்னால் ஒரே ஒரு தடவை, நீளமாக, தண்ணீர்க் குடத்தைத் தூக்கப் போகிறவள் மாதிரி வாங்குவாள், அதற்கப்புறம் நிறுத்தவே மாட்டாள். அப்பாவின் கூட்டாளி குருவையா மாமா சிரிப்பில்தான் மூச்சே வாங்குவார், சிரிக்காவிட்டால் செத்துப்போவார். ஒன்பது பேர். வரிசை நகர்ந்திருக்கிறது. மேஜைக்கு முன்னால் நிற்கிற சாத்தூர்க்காரர் நீலப் பட்டையை ஒட்டியதும் கையைத் தூக்கி விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்க்கிறார், வளைகாப்புக்குப் போட்ட வளையலைப் பார்க்கிற மாதிரி.

அப்பாவின் கையில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது. வலது மணிக்கட்டில், சிவப்பாக இருந்து வெளுத்து இப்போது தோல் நிறத்துக்கே வந்துவிட்ட கயிறு. அருப்புக்கோட்டையில் எங்கள் கடையிலிருந்து மூன்று கிலோமீட்டரில் கண்மாய்க் கரையில் ஒரு முனியசாமி கோயில், குடியை விட நினைக்கிறவர்கள் வெள்ளிக்கிழமை அங்கே போய்க் கயிறு கட்டிக்கொள்வார்கள், கயிறு கையில் இருக்கும்வரை குடியைத் தொடக்கூடாது. எத்தனை நாளைக்கு என்பதை ஆளே சொல்ல வேண்டும், சாமியே அதில் தலையிடாது. பூசாரிக்கு வெற்றிலை போட்ட குரல், ஒவ்வொரு கேள்விக்கும் முன்னால் ஒதுக்கிக்கொள்வார், “எத்தன நாளைக்கிப்பா,” அதற்கு ஆட்கள் பேரம் பேசுவதைக் கேட்க வேண்டும், “ஒரு மாசம் போடுங்க சாமி, அடுத்த மாசம் மச்சினன் கல்யாணம் வருது,” “நாப்பத்தெட்டு நாள்னா முடியும், அதுக்கு மேல உடம்பு தாங்காது.” அப்பா ஒரு வருஷம் என்றாராம். பூசாரி பிறகொரு நாள் அம்மாவிடம் சொன்னார், “நான்கூட யோசிச்சுச் சொல்லுப்பான்னேன் தாயி, வருசம் பூராவும்னா தீவாளி பொங்கல் எல்லாம் வந்துருமேன்னேன், கட்டுங்கன்னு கையை நீட்டிட்டே நின்னாரு.” போன ஆடி முதல் வெள்ளி. இந்த ஆடி முதல் வெள்ளி நான்கு நாளைக்கு முன்னால் வந்து போய்விட்டது. தவணை முடிந்தால் அதே கோயிலுக்குப் போய்த் தேங்காய் உடைத்துக் கயிற்றை அவிழ்க்க வேண்டும், அல்லது இன்னொரு தவணை கட்டிக்கொள்ள வேண்டும். அப்பா போகவில்லை. கடையில் சரக்கு இறங்குகிறது, பெட்டி கட்ட வேண்டும், வந்து பார்த்துக்கொள்ளலாம் என்றார். அதனால் இப்போது கையில் கிடப்பது என்ன என்பதில் நேற்று பஸ்ஸில் ஒரு வழக்கே நடந்தது. குருவையா மாமா சிரித்து மூச்சு வாங்கி, “தேதி முடிஞ்சா முடிஞ்சதுதான் மாப்ள. காலாவதியான மாத்திரை மாதிரி. இப்ப உன் கையில கிடக்கிறது வெறும் நூலு” என்றார். அம்மா முன் சீட்டிலிருந்து திரும்பாமலே, “அவுக்காத வரைக்கும் அது கயிறுதான் அண்ணே. முனியசாமி காலண்டர் பாத்துக்கிட்டா உக்காந்திருக்காரு” என்றாள். அப்பா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு கயிற்றை விரலால் சுற்றிச் சுற்றி விட்டார். அந்த விரலை நான் பார்த்திருக்கக்கூடாது. பார்த்ததிலிருந்து அது என் தலைக்குள் சுற்றிக்கொண்டே இருக்கிறது. வலது கையில் கயிறு, நீலப் பட்டையை இடது கையில் ஒட்டுவார்களோ. இரண்டு கையும் ஒரே ஆளுடையது, எந்தக் கையால் கிளாசைப் பிடிப்பார்.

ஏழு பேர். வரிசையை ஒட்டிய தூணில் விதிகளை அச்சடித்து ஒட்டியிருக்கிறார்கள், இதுவரை இந்த வரிசையில் யாரும் அதைப் படிக்கவில்லை, விதியை யார் படிப்பார்கள், என்னை மாதிரி மீறுகிறவர்கள்தான் படிக்க வேண்டியிருக்கிறது. நான்காவது விதியில் நின்றுவிட்டேன். ஒரு அறையில் பெரியவர் ஒருவர் பேக்கேஜ் எடுத்தால் அந்த அறையில் இருக்கும் பெரியவர் எல்லோரும் எடுக்க வேண்டும். ஒருவர் எடுத்து மற்றவருக்கு ஊற்றிக் கொடுத்துவிடக்கூடாதாம். இரண்டு தடவை படித்தேன், மூன்றாவது தடவை தூணைக் கட்டிப்பிடிக்கலாம்போல இருந்தது. எங்கள் அறையில் பெரியவர்கள் இரண்டு பேர், அப்பாவும் அம்மாவும், அப்பா எடுத்தால் அம்மாவும் எடுத்தாக வேண்டும், சண்முகவடிவு, இருமல் மருந்து இரண்டு மூடி குடித்தாலே சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறவள். முடிந்தது கதை. இனி நான் எந்தக் குரலும் போட வேண்டாம், விதியே எனக்காகப் பேசும். தூணில் கப்பல் போனும் இருக்கிறது, வரிசையை விடாமலே ஒரு காலை மட்டும் வெளியே வைத்து எட்டி எடுத்து அறை எண்ணை அழுத்தினேன். கப்பல் கரையில் கட்டியிருக்கும்போதே தலை சுற்றுகிறது என்று படுத்திருந்த அம்மா, “என்ன சுடரு” என்றாள். விதியைச் சொன்னேன். அம்மா ‘என்னது’ என்று ஒரு சத்தம் போடுவாள், அந்தச் சத்தத்தோடு லிப்டில் இறங்கி வருவாள், அதோடு வரிசை கலையும் என்று காதைக் கொஞ்சம் தள்ளியே வைத்திருந்தேன். சத்தம் வரவில்லை. குடத்தைத் தூக்கும் அந்த மூச்சு வந்தது. “உங்கப்பா எடுக்கணும்னாரா.” “வரிசையில நிக்கச் சொன்னாரும்மா.” இன்னொரு மூச்சு, அம்மா இரண்டு தடவை வாங்கி நான் கேட்டதே இல்லை. “சரி. எனக்கும் எடு.” “அம்மா.” “எடுங்கிறேன்ல. அவரு ஒண்ணு குடிச்சா நான் ஒண்ணு குடிக்கிறேன். அவரு ரெண்டுன்னா எனக்கும் ரெண்டு. எது வரைக்கும் போறாருன்னு பாத்துர்றேன். வடிவு ரெடியா இருக்கான்னு சொல்லு அந்த மனுசன்கிட்ட.” போனை வைத்துவிட்டாள். வேறொரு நாளாக இருந்தால் இதை வைத்து ஒரு மாதம் பிழைத்திருப்பேன், வகுப்பில் ஆறு பேர் சிரித்துப் பெஞ்சிலிருந்து விழுந்திருப்பார்கள். சிரிப்பு வந்தது, பாதியில் நின்றது. அவள் குரலில் விளையாட்டு இல்லை. அம்மா குடிப்பாள். கண்ணை மூடிக்கொண்டு, மூக்கைப் பிடித்துக்கொண்டு, கஷாயம் மாதிரி, அவருக்குச் சமமாக.

அப்பா அடிக்கிறவர் இல்லை. அதுதான் கஷ்டம். அடிக்கிற அப்பாவாக இருந்தால் ஊரே நம் பக்கம் நிற்கும், குடித்தால் எல்லோரையும் சிரிக்க வைக்கிற அப்பாவுக்கு யார் தடை சொல்வார்கள். ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு அதனிடம், ‘நீ இங்கேயே நில்லு, யாரு கூப்பிட்டாலும் போகாத’ என்று சொல்லிவிட்டு வருவார், கேட் முட்டினால் கேட்டிடம் மன்னிப்புக் கேட்பார். ஒரு நாள் வரவில்லை. காலையில் பால்காரர்தான் பந்தல்குடி ரோட்டுப் பாலத்தடியில் பார்த்தார், ஸ்கூட்டர் மேலே, அப்பா கீழே, தண்ணீர் இல்லாத ஓடை என்பதால் புருவத்தில் ஆறு தையலோடு போயிற்று. அதையும் சிரிப்பாக்கிவிட்டார், பாலத்துக்கு என்மேல என்ன கோபமோ தெரியல என்று. எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். கப்பலில் பாலம் இல்லை. கம்பிதான் இருக்கிறது. மதியம் மேல்தளத்தில் நின்று பார்த்தேன், என் நெஞ்சு உயரத்துக்கு வெள்ளைக் கம்பி, அப்பாவுக்கு வயிறு வரைக்கும் வரும், கம்பிக்கு அந்தப் பக்கம், அந்தப் பக்கம் வேண்டாம், ஐந்து பேர், இன்னும் ஐந்து பேர்தான். போன வருஷம் ஆனியில் அத்தை பேத்திக்குக் காதுகுத்து, மண்டபத்தில் சாப்பாட்டுக்கு முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தவர்கள் ‘யாரையாவது பண்ணிக் காட்டு சுடரு’ என்றார்கள். பூசாரியைப் பண்ணினேன், கரண்ட் பில் ஆளைப் பண்ணினேன், யாரோ ‘உங்கப்பாவப் பண்ணு’ என்றார்கள். பண்ணினேன். ஸ்கூட்டர், கேட், செருப்பை ஜோடி சேர்க்கிற பாடு, சுவிட்சைத் தேடிச் சுவரைத் தட்டுவது, கடைசியில் என் அறைக் கதவில் வந்து நின்று, ‘பாப்பா, தூங்கிட்டியா. அப்பா ஒண்ணும் குடிக்கல.’ மண்டபமே கண்ணீர் வரச் சிரித்தது. உள்ளே இருந்தவள் என்ன செய்தாள் என்று யாரும் கேட்கவில்லை. நானும் அதைப் பண்ணவில்லை. சிரிப்பு அடங்கியபோது பார்த்தால் வாசலில் சாம்பார் வாளியோடு அப்பா நிற்கிறார், அவரும் சிரித்துக்கொண்டிருக்கிறார். “நல்லாப் பண்றியே” என்றார். அவ்வளவுதான். அடுத்த மாதம் ஆடி பிறந்த முதல் வெள்ளி, விடியற்காலையில் யாரிடமும் சொல்லாமல் போய்க் கையில் கயிற்றோடு வந்தார். அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா என்று அவர் சொல்லவில்லை, நான் கேட்கவில்லை, அம்மா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் தோசை ஊற்றப் போனாள். அன்றிலிருந்து அந்தக் குரலை நான் எடுப்பதில்லை. ஆனால் அது என்னை விட்டுப் போகவில்லை. இன்று காலை லாட்ஜ் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு ஒரே ஒரு வார்த்தை போட்டுப் பார்த்தேன், முழுசாக வந்து நின்றது, நடுவில் வரும் இருமல்கூட, பற்பசை நுரையோடு துப்பிவிட்டேன்.

கதவுகூட இல்லை என்பதுதான் இப்போது உறைக்கிறது. வீட்டிலாவது என் அறைக்கு ஒரு கதவு உண்டு, கப்பல் அறையில் மூன்று படுக்கையும் ஒன்றுக்கொன்று இடித்துக்கொண்டு கிடக்கின்றன, அப்பா வந்து நின்றால் என் தலைமாட்டில்தான் நிற்க வேண்டும். நான்கு பேர். திவாகர் குரலில் எங்கேயாவது போன் போட்டு அப்பாவை மீட்டிங்குக்கு இழுத்து ஆறு மணியைத் தாண்ட வைக்கலாம், ஆனால் திவாகரே எனக்கு ஒரு ஆள் தள்ளி முன்னால் நின்று பட்டைக்குக் கையை இப்போதே நீட்டிக்கொண்டிருக்கிறார். அப்பாவிடமே, நம் அறைக்குக் கிடையாதாம் என்று சொல்லிவிடலாம், அவருக்கு இங்கிலீஷ் வராது, ஆனால் மாமாவுக்குப் பட்டை இருக்கிறதே, ஏன் மாப்ளைக்கு மட்டும் இல்லை என்று மாமாவே மேஜை அக்காவிடம் வந்து கை ஜாடையில் கேட்டு வாங்கிவிடுவார். லிப்ட் திறந்தது. சிரிப்புதான் முதலில் வெளியே வந்தது, பின்னால் குருவையா மாமா, அவர் பின்னால் அப்பா. “என்ன மருமகளே, பட்டாளத்துல சேர ஆள் எடுக்கிற மாதிரி விறைப்பா நிக்கிற” என்று மாமா நீலப் பட்டைக் கையால் என் தலையைத் தட்டினார். “மேல பாத்தியா, மொத்தம் ஆறு பார் இருக்கு. ஒண்ணுல நீச்சல் குளத்துக்குள்ளயே உக்காந்துக்கலாம். உங்கப்பன் பெத்துராஜு இல்லாம நான் அங்க யாரோட உக்கார. போன வருசம் டீலர் கூட்டத்துல எலுமிச்சம்பழச் சாறை வச்சுக்கிட்டு என்னையே பாத்துக்கிட்டிருந்தான், எனக்கு ஏறவே இல்ல.” நான் விதியைச் சொன்னேன், அம்மா சொன்னதையும் சொன்னேன், என் குரலில் இல்லை, அம்மா குரலிலேயே, அந்த இரண்டு மூச்சோடு. வடிவு ரெடியா இருக்கான்னு சொல்லு அந்த மனுசன்கிட்ட. மாமா மூச்சு வாங்க மறந்து பிறகு வாங்கிச் சிரித்தார், “தங்கச்சி எடுக்கட்டும் மாப்ள, நல்லதுதான, மூணு பேரா உக்காருவோம்” என்றார். அப்பா சிரிக்கவில்லை. “நீ முன்னாடி போ குருவையா. நான் வர்றேன்” என்றார். மாமா என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, “ஆறு மணிக்கு மேல வெல கூடிரும், பாத்துக்க” என்று லிப்டுக்குப் போனார்.

இரண்டு பேர். அப்பா எனக்குப் பக்கத்தில் வந்து நின்றார். கடையில் வாடிக்கையாளர் கலர் கார்டைப் புரட்டிக்கொண்டிருக்கும்போது நிற்பாரே, அவசரப்படுத்தாமல், அப்படி. விரல் கயிற்றைச் சுற்றிக்கொண்டிருந்தது. “பாப்பா, அன்னிக்கு மண்டபத்துல பண்ணினியே.” எது என்று கேட்டேன், தெரிந்துகொண்டே. “என்னைய.” கையிலிருந்த கார்டைத் திருப்பிப் பிடித்துக்கொண்டேன். “இப்ப ஒருக்கப் பண்ணு.” “எதுக்குப்பா.” “கேக்கணும். ஒரு வருசம் ஆச்சுல்ல, எனக்கே மறந்துபோச்சு. குருவையா சொல்றான், நீ இருந்தாலே இடம் கலகலன்னு இருக்கும், இந்த ஒரு வருசமா உன்கூட உக்காந்திருக்கிறதும் காலி டப்பாகூட உக்காந்திருக்கிறதும் ஒண்ணுங்கிறான். நான் அப்படியா இருந்தேன். நீதான் அப்படியே பண்ணுவ. பண்ணு. கேட்டுட்டு முடிவு பண்ணிக்கிறேன்.” என்னிடம் யார் எந்தக் குரலைக் கேட்டாலும் நான் இல்லை என்று சொன்னதில்லை, அது வந்துவிட்டது, நாக்கின் அடியில் வந்து நிற்கிறது, ஸ்கூட்டர், கேட், இருமல், வாயைத் திறந்தால் போதும். திறந்தால் சிரிப்பார்கள். முன்னால் இருக்கிற இரண்டு பேர் திரும்பிச் சிரிப்பார்கள், மேஜைக்குப் பின்னாலிருக்கிற அக்கா புரியாமலே சிரிப்பாள், அப்பாவும் சிரிப்பார், ஆமாம், கலகலன்னுதான் இருந்திருக்கேன் என்பார். அதை எப்படிப் போட்டாலும் சிரிப்புத்தான் வரும், அவ்வளவு நன்றாகப் பிடித்து வைத்திருக்கிறேன், அதில் பாலத்தடி வராது, தையல் வராது, வாசலில் உட்கார்ந்திருக்கிற அம்மா வரமாட்டாள். மண்டபத்தில் நான் பண்ணியது பாதிதான். கதவுக்கு வெளியே இருக்கிற பாதி. ஒருவர். திவாகர் பட்டையோடு போய்விட்டார், இனி ஒருவர்தான்.

கண்ணை மூடிக்கொண்டேன். நின்றபடியே, கார்டை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு. மூக்கால் மெதுவாக வாங்கினேன், நான்கு எண்ணும்வரை. கொஞ்சம் நிறுத்தி, இன்னும் மெதுவாக விட்டேன். மறுபடி. மூன்றாவது மூச்சில் ஒரு சின்னத் தடுக்கல் வர வேண்டும், தூங்குகிறவர்களுக்கு அது வரும், பக்கத்து வீட்டுக் கைக்குழந்தையிடம் பார்த்துப் பழகியது, ஏழாம் வகுப்பிலிருந்து பழகியது, நான் பிடித்ததிலேயே முதல் குரல் அதுதான், திவாகர், பூசாரி, ஹெட்மிஸ்ட்ரஸ் எல்லோரும் அதற்கப்புறம் வந்தவர்கள். உதட்டைக் கொஞ்சம் திறந்து வைக்க வேண்டும். இமை துடிக்கக்கூடாது, அதுதான் கஷ்டம். கப்பலின் அடியில் எங்கேயோ இயந்திரம் ஓடத் தொடங்கியது, உள்ளங்காலில் தெரிந்தது. “என்ன பண்ற” என்றார் அப்பா. நான் நிறுத்தவில்லை. இன்னும் இரண்டு மூச்சு. “பாப்பா.” அப்போதுதான் கண்ணைத் திறந்தேன். “மண்டபத்துல விட்டுப்போன பாதிப்பா. நீங்க கதவுல நின்னு ‘பாப்பா தூங்கிட்டியா’ன்னு கேப்பீங்கள்ல, அப்ப உள்ள நடந்தது.” அவருக்குத் தெரிந்த சத்தம். நான்கு வருஷம் கதவில் நின்று கேட்டிருக்கிறார், கேட்டுவிட்டுத்தான் போய்ப் படுத்திருக்கிறார். அவர் முகம் அதைக் கண்டுபிடிப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றேன், ஒரு குரலை யாருடையது என்று கண்டுபிடிக்கிறபோது எல்லோர் முகத்திலும் ஒரு வெளிச்சம் வரும், அப்புறம் சிரிப்பு வரும், இதில் சிரிப்பு வரவில்லை. “நீ தூங்கிட்டன்னுல்ல நான் போவேன்.” “ஒரு நாளும் தூங்கலப்பா. நீங்க படுத்துக் குறட்டை விடுற வரைக்கும்.” “ஒரு நாள்கூடவா.” “இந்த ஒரு வருசம்தான் தூங்குறேன்.”

மேஜைக்குப் பின்னாலிருந்த அக்கா, “நெக்ஸ்ட், ப்ளீஸ்” என்றாள். யாரும் இல்லை எங்களுக்கு முன்னால். அப்பா என் கையிலிருந்து கார்டை வாங்கினார். அவள் பெட்டியிலிருந்து ஒரு நீலப் பட்டையை உருவி இரண்டு விரலில் விரித்துப் பிடித்துக்கொண்டு, எந்தக் கை என்று கேட்டாள். அதற்கு மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை. அப்பா இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார், பிரம்புக்குப் பயந்து கையை ஒளிக்கிற பையன் மாதிரி, ஐம்பத்திரண்டு வயதில். “நோ மேடம்” என்றார். அதோடு அவருடைய இங்கிலீஷ் தீர்ந்தது. என் பக்கம் திரும்பி, “காபி எங்க கிடைக்கும்னு கேளு” என்றார். கேட்டேன், என் குரலில்தான் கேட்டேன் என்று நினைக்கிறேன், சரியாக ஞாபகமில்லை. ஏழாவது தளம் என்றாள். நாங்கள் திரும்பியபோது லிப்ட் திறந்தது, உள்ளே அம்மா, அரக்குப் பட்டுச் சேலை, தலையில் பூ, தோளில் கைப்பை, தலைசுற்றல் எங்கே போயிற்றோ, சம்பந்தி வீட்டுக்குச் சண்டைக்குப் போகிறவள் மாதிரி நேராக நடந்து வந்தாள். “எந்தக் கையில கட்டணும்” என்றாள். “எதுலயும் கட்ட வேண்டாம் வடிவு. வேண்டாம்னுட்டேன்.” “எதுக்கு வேண்டாங்கிறீங்க. நான் ரெடியாத்தான வந்திருக்கேன்.” “வா, காபி குடிப்போம்.” “காபிக்கா நான் பட்டுச் சேலை கட்டினேன்” என்றாள், அப்பாவின் முகத்தைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள், மாறி மாறி, தோசை ஊற்றப் போன அன்று காலையில் பார்த்த அதே பார்வை. அப்புறம் கைப்பையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டு, “சீனி கம்மியாக் கேளு” என்றாள். லிப்டில் மூன்று பேரும் ஒட்டிக்கொண்டு நின்றோம். கப்பல் சங்கு ஊதியது, ஆறு மணி, தரை மெதுவாக ஒரு பக்கம் சாய்ந்து திரும்பியது. அப்பா குனிந்து, அம்மாவுக்குக் கேட்காமல், “இன்னைக்கு ராத்திரி நீ தூங்குறது நிஜமா பொய்யான்னு நான் கண்டுபிடிச்சிருவேன் பாப்பா, இனிமே ஏமாத்த முடியாது” என்றார். கண்டுபிடிக்கட்டும். பொய்த் தூக்கத்தின் மூச்சு எனக்கு அத்துப்படி. நிஜமாகத் தூங்கும்போது நான் எப்படி மூச்சு விடுவேன் என்பது எனக்கே தெரியாது, அந்த ஒன்றை மட்டும் நான் கேட்டதில்லை. தலைமாட்டில் இருந்து அவர்தான் கேட்டுச் சொல்ல வேண்டும்.